மாதம்மா ஏறாத பரிசல்

1

போன வாரம் எங்கள் தோட்டத்து லாரிக் கொட்டகையில் ஒரு எலி செத்துக் கிடந்தது. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அதை வாலைப் பிடித்துத் தூக்கிப் புல்லில் வீசினார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். ரப்பர் கட்டுகளை ஏற்றக் காத்திருந்த ஆட்கள் கூப்பிட்டார்கள். உள்ளே போகக் கால் வரவில்லை.

"என்ன டிரைவரே, எலிக்கா பயப்படுறீங்க? காட்டு ரோட்டுல யானை நின்னாலே அசையாத ஆளாச்சே" என்று மண்டோர் சிரித்தார். அவர் தகப்பனார் காலத்திலேயே தஞ்சாவூரிலிருந்து வந்த குடும்பம். மலாயாவில் பிறந்தவர். அவருக்கு எலி என்றால் எலிதான்.

பொம்மிடி, தருமபுரி, பென்னாகரம் பக்கத்தில் இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "அந்த வூட்டுல எலி வுழுந்துருச்சு" என்று ஒருவர் சொன்னால், கேட்டவர் அடுத்த வார்த்தை பேசாமல் தன் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு ஓடிய காலம் ஒன்று இருந்தது. இந்தக் கார்த்திகையோடு அது நடந்து பல வருஷமாகிவிட்டது. என் மனைவி மாதம்மாவின் திதியும் இதே கார்த்திகையில்தான் வருகிறது. இங்கே பேரா மாநிலத்தில், கிரிக் போகும் காட்டுச் சாலையில் லாரி ஓட்டிப் பிழைக்கும் எனக்குத் திதி கொடுக்க ஐயர் கிடையாது, ஆறும் பக்கத்தில் இல்லை. அன்றைக்கு ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுவிடுகிறேன், அவ்வளவுதான். இந்த வருஷம் அதோடு இதையும் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

2

அந்த நோய் எங்கள் ஊரில் பிறந்ததல்ல. சீன தேசத்துத் துறைமுகத்தில் கப்பலேறி, பம்பாயில் இறங்கி, வெகு காலமாக உலகத்தைச் சுற்றி வருகிற நோய் என்று ஊசி போட வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் சொன்னார். உலகத்தையே சுற்றிய பிளேக்குக்குப் பொம்மிடிக்கு மேற்கே கொஞ்சம் கூரை வீடுகள் கொண்ட எங்கள் ஊருக்கும் வழி தெரிந்திருந்தது.

நான் அப்போது ஒரு மரக் கண்ட்ராக்டரிடம் லாரி ஓட்டினேன். ஒகேனக்கல்லை ஒட்டிய ரிசர்வ் காட்டிலிருந்து மூங்கில் ஏற்றி ரயிலடிக்குக் கொண்டுவருவது வேலை. மகள் பச்சையம்மாவுக்கு மூன்று வயது முடியவில்லை. பச்சி என்று கூப்பிடுவோம். யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம் அது.

எலி முதலில் ராகிக் குதிரடியில் விழுந்தது. பிறகு நடுவாசலில், பகலிலேயே, ஆள் பார்க்கத் தள்ளாடி வந்து விழுந்தது. எலி விழுந்த வீட்டில் கொஞ்ச நாளில் ஆள் விழுந்தது. காய்ச்சல் வரும், அக்குளிலோ தொடையிடுக்கிலோ ஒரு கட்டி எழும், பிதற்றுவார்கள், முடிந்துவிடும். சனங்கள் வீட்டைச் சாத்திவிட்டுக் கொல்லைகளில் சோளத்தட்டுக் குடிசை போட்டுத் தங்கினார்கள். நாங்களும் போனோம். கண்ட்ராக்டர் குடும்பத்தோடு சேலம் போய்விட்டார். காட்டில் வெட்டிக் கிடக்கும் கடைசி லோடை மட்டும் எடுத்து வந்துவிடு என்று லாரியை என்னிடம் விட்டிருந்தார்.

மாதம்மா இதைக் கேட்டதும் பிடித்துக்கொண்டாள்.

"லோடு எடுக்கப் போறப்ப எங்களயும் கூட்டிட்டுப் போங்க. அக்கா வூட்டுல கொண்டுபோயி வுட்டுருங்க. ஆத்துக்கு அந்தாண்ட இன்னும் எலி வுழலயாம்."

அவளுடைய அக்கா ராஜம்மாவைக் காவேரிக்கு அக்கரையில், கொள்ளேகால் தாலுக்காவில் ஒரு காட்டோர ஊரில் கொடுத்திருந்தது. அங்கே பேச்சு கன்னடம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

"ஊர அப்படியே போட்டுட்டுப் போறதா?" என்றேன்.

"ஊரு எங்கயும் போவாதுங்க. புள்ள போயிருச்சுன்னா?"

மறுநாள் விடியும் முன்பே கிளம்பிவிட்டோம்.

3

லாரியின் முன்பக்கத்தில் நான், நடுவில் பச்சி, கதவோரம் மாதம்மா. பச்சிக்கும் தனக்கும் இடையில் மாதம்மா கம்பளிச் சுருட்டு ஒன்றை வைத்திருந்தாள். பிள்ளை தூங்கிச் சாயத் தலையணைபோல இருக்கட்டும் என்று வைத்ததாக நினைத்தேன்.

பென்னாகரம் தாண்டி, ரிசர்வ் காடு ஆரம்பிக்கிற இடத்தில் கேட் போட்டிருந்தார்கள். சுகாதார இலாகா ஆள் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து ஊசி போட்ட சீட்டைப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தார். என் சீட்டும் மாதம்மா சீட்டும் சரியாக இருந்தன. பச்சியின் சீட்டில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது.

"பேரு எங்கய்யா?"

"எழுதாம வுட்டுட்டாங்க. பச்சையம்மாங்க."

"நீ சொல்ற பேரை நான் எப்படி எழுதறது? ஊசி போட்டவருல்ல எழுதணும்?"

அவர் பொம்மிடியில் இருக்கிறார் என்று சொல்லிக் கெஞ்சினேன். கடைசியில் அவரே எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது கதவோரம் எட்டிப் பார்த்தார். "அந்தம்மா ஏன் போத்திக்கிட்டு உக்காந்திருக்குது?"

மாதம்மா அவர் முகத்தைப் பார்த்து, "பனிக்காத்து குளுருதுங்க சாமி" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. கேட்டைத் தூக்கிவிட்டார்கள்.

காட்டுக்குள் பனி விலகவில்லை. அந்தச் சாலையை நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். மாதம்மாவும் பச்சியும் அதில் வருவது அதுதான் முதல்தடவை. சாலையோரம் மான்கூட்டம் தலை தூக்கிப் பார்த்தது. காட்டுக்கோழி குறுக்கே ஓடியது. பச்சி ஒவ்வொன்றுக்கும் கைதட்டினாள். ஊரில் நடக்கிற சாவெல்லாம் பின்னால் போய்விட்டதுபோல எனக்கும் நெஞ்சு லேசானது. திருவிழாவுக்குப் போகிற குடும்பம்போல இருந்தோம் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். உண்மையில் அந்தக் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருந்தோம்.

ஒரு திருப்பத்தில் யானைகள் நின்றன. குட்டியோடு கூடிய கூட்டம். எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"அப்பா, ஆன! ஆன!" என்று பச்சி எழுந்து நின்றாள். நன்றாகப் பார்க்க அம்மா மடியில் ஏறப் போனாள். மாதம்மா வலது கையால் கம்பளிச் சுருட்டை நெட்டி அவளைத் தள்ளிவிட்டாள். பிள்ளை மறுபடி ஏறினாள், மறுபடி தள்ளினாள். பச்சி அழ ஆரம்பித்தாள்.

"சத்தம் கேட்டா யானை திரும்பும். ஏன் புள்ள அழ வுடற? மடியில வெச்சிக் காட்டேன்."

"முடியலீங்க."

"என்னா முடியல?"

"இந்த எடது கையத் தூக்க முடியல." கம்பளிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "எழுந்திரிக்கறப்பவே தெரிஞ்சிருச்சுங்க. அதான் புள்ளய நான் தொடவே இல்ல. வண்டியில நீங்கதான தூக்கி வெச்சீங்க?"

நான்தான் தூக்கி வைத்தேன். அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கண் சிவந்து, உதடு காய்ந்திருந்தது. யானைகள் இலை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தன. லாரியைத் திருப்ப அந்த இடத்தில் அகலம் இல்லை.

"சேலம் ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம் மாதம்மா. இது நவுந்ததும் திருப்பிர்றன்."

"மொதல்ல ஆத்துக்கு வுடுங்க. புள்ளய அந்தாண்ட சேத்துட்டு அப்பறம் எங்க வேணாலும் போலாங்க." பிறகு சிறிது நேரம் கழித்து, "இவ அழுவறத நிறுத்துங்க, என்னால முடியல" என்றாள்.

நான் பச்சியை என் மடியில் வைத்துக்கொண்டு யானைக்குட்டியைக் காட்டினேன். அழுகை நின்று அவள் சிரித்தாள். மாதம்மா கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

4

பரிசல்துறையில் குப்பண்ணன் இருந்தார். மூங்கில் லோடுக்குப் போகும்போதெல்லாம் அவரிடம் மீன் வாங்குவேன். ராஜம்மா வீட்டையும் அவருக்குத் தெரியும். ஆற்றில் வெள்ளம் வடிந்திருந்தது, ஆனாலும் அருவி இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். அவர் மாதம்மா இறங்கி நடந்த நடையைப் பார்த்தார். உடனே பத்தடி பின்னால் போய்விட்டார்.

"அண்ணா, மன்னிச்சிக்கங்க. நானும் புள்ளகுட்டிக்காரன். ஏத்த முடியாதுங்க."

மாதம்மாதான் பாறையில் உட்கார்ந்தபடி பேசினாள்.

"என்னய ஏத்த வேணாங்கண்ணா. நானும் வரல. புள்ளய மட்டும் எங்கக்காகிட்ட சேத்துருங்க. புள்ளைக்கு ஒண்ணுமில்ல. காலையில இருந்து நான் தொடல, எங்க கொலசாமி முனியப்பன் மேல சத்தியமா தொடல."

குப்பண்ணன் போய்ப் பரிசலைக் கவிழ்த்து அதிலிருந்த தண்ணீரைக் கொட்டினார். பிறகு, "புள்ள துணியெல்லாம் அவுத்து எரிச்சிருங்க. புள்ளய ஆத்துல முக்கி எடுங்க" என்றார்.

நான் அப்படியே செய்தேன். குளிர்ந்த தண்ணீரில் பச்சி அலறினாள். மாதம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள், கண்ணை எடுக்கவில்லை. குப்பண்ணன் தன் தலைத்துண்டை அவிழ்த்து என்னிடம் எறிந்தார். அதில் சுற்றிப் பிள்ளையைப் பரிசலில் வைத்தேன்.

"நீங்களும் போங்க" என்றாள் மாதம்மா.

"நான் போயிட்டா உன்ன யாரு பாக்கறது?"

"அவள யாரு பாக்கறது?"

"உங்கக்கா."

அவள் தலையாட்டினாள். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. தனியாக இருக்க அவளுக்கும் பயமாக இருந்திருக்க வேண்டும். பரிசல் சுழன்று சுழன்று போனது. பச்சியின் தலை மட்டும் விளிம்புக்கு மேலே தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக மாதம்மாவுக்கு அதற்குமேல் தெம்பில்லை. மீன்காரர்கள் விட்டுப்போன ஒரு குடிசை கரையில் இருந்தது. அங்கே படுக்க வைத்தேன். சாயங்காலம் குப்பண்ணன் திரும்பி வந்து, தூரத்திலேயே பரிசலை நிறுத்திக்கொண்டு கத்தினார்.

"சேத்துட்டங்க! உங்கக்கா வாங்கிக்கிட்டாங்க! களி தின்னுச்சு!"

"அழுதுச்சான்னு கேளுங்க" என்றாள் மாதம்மா. அவள் குரல் வாசலைத் தாண்டவில்லை. நான் கேட்டேன்.

"மொதல்ல அழுதுச்சு! இப்ப இல்ல!"

அவர் பாறைமேல் ஒரு தூக்குச்சட்டி வைத்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்து, பிள்ளை தூங்கிய செய்தியையும் ஆட்டுக்குட்டியோடு விளையாடிய செய்தியையும் கத்திவிட்டுப் போனார். ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கேட்டபோது மாதம்மாவின் முகம் ஒருமுறை மலர்ந்தது. அதன் பிறகு அவளுக்குச் சுய நினைவு இல்லை. யாரையோ வாசலில் தண்ணீர் தெளிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் உச்சி வெயிலில் போய்விட்டாள்.

நானே குழி வெட்டினேன். குப்பண்ணன் தூரத்தில் நின்று, எவ்வளவு ஆழம் வேண்டும் என்று மட்டும் சொன்னார். நான் மண்ணைத் தள்ளும்போது அவர் ஆற்றில் இறங்கித் தலை முழுகினார். ஒரு உறவும் செய்யாததை அவர் செய்தார்.

5

எனக்கு நோய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் என்னை அக்கரைக்கு வரவேண்டாம் என்று ராஜம்மா சொல்லியனுப்பினாள். பிளேக் வீட்டு ஆள் வந்தான் என்று தெரிந்தால் ஊரார் பிள்ளையையும் சேர்த்து விரட்டிவிடுவார்கள். அது நியாயம்தான். கண்ட்ராக்டர் தொழிலை மூடிவிட்டார். மலாயாவில் இருந்த பழைய டிரைவர் சிநேகிதன் ஒருவன் கூப்பிட்டான். இரண்டு வருஷம் சம்பாதித்து வந்து பச்சியை அழைத்துக்கொள்ளலாம் என்று கப்பலேறினேன்.

யுத்தம் வந்தது, ஜப்பான்காரன் வந்தான். கப்பல் இல்லை, தபால் இல்லை. அந்த வருஷங்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் கோலி விளையாடும்போது சாத்து, டுவா, தீகா என்று மலாயில் எண்ணுவார்கள். அதைக் கேட்கும்போது, பச்சி இப்போது எந்த பாஷையில் எண்ணுவாள் என்று நினைப்பேன். அப்படி நினைக்க முடிந்ததே பெரிய விஷயம். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாத காலம் அது.

யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு ஊருக்குப் போனேன். அதே காட்டுச் சாலையில் இப்போது கரி எரித்து ஓடும் கரிவாயு பஸ் இருமிக்கொண்டே போனது. குப்பண்ணனுக்குத் தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்கண்ணா, இன்னிக்கி ஏத்தறன்" என்று சொல்லி அழுதார்.

ராஜம்மா வீட்டு வாசலில் ஒரு பெண் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். மாதம்மாவின் நெற்றி. முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீவு யாரு?"

நீங்கள் யார் என்று கன்னடத்தில் கேட்கிறாள். ராஜம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து, "நின்ன அப்பா கணே" என்றாள். அந்தப் பெண் ராஜம்மாவைப் பார்த்து, "அவ்வா, நிஜவா?" என்றாள். கன்னடத்தில் அவ்வா என்றால் அம்மா. அவளை அங்கே எல்லோரும் புட்டி, அதாவது சின்னப் பிள்ளை, என்று கூப்பிட்டார்கள். பச்சி என்று நான் கூப்பிட்டபோது அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்றில்லை, அது தன் பேர் என்று அவளுக்குத் தெரியாது.

சில நாள் அங்கே இருந்தேன். என் தமிழில் மலாய் வார்த்தை கலந்து வரும்போது சிரிப்பாள். ஒருநாள் மாதம்மாவைப் புதைத்த இடத்தைக் காட்ட ஆற்றுக்கு இக்கரை அழைத்து வந்தேன். வெள்ளம் கரையையே மாற்றியிருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு மருத மரத்துக்கும் பாறைக்கும் நடுவே என்று குப்பண்ணன்தான் காட்டினார். அவள் மரியாதையாகக் கும்பிட்டாள், அடுத்த ஊர்க்காரர் சமாதியைக் கும்பிடுவதுபோல. பிறகு, அவ்வா தேடுவாள், போகலாமா என்று ஜாடை காட்டினாள்.

கிளம்பும் முன் சகலையும் ராஜம்மாவும் இருக்கும்போதே கேட்டேன். "அப்பாகூட கப்பல்ல வரியாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நானு இல்லே..." என்றாள்.

அந்தப் பக்கத்துக் கன்னடம் எனக்கு ஒருகாலத்தில் நன்றாகத் தெரியும். இத்தனை வருஷம் மலாய் பேசியதில் மங்கிவிட்டது. நான் இல்லை என்கிறாளா? உங்கள் மகள் நான் இல்லை என்கிறாளா? நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். ராஜம்மா பதறிப்போய், "அய்யோ, அப்படி இல்லீங்க. இல்லேன்னா இங்கயேன்னு அர்த்தம். இங்கயே இருக்கறேங்குது" என்றாள்.

இங்கேயே. நல்ல வார்த்தைதான். சாகக் கிடந்த ஒருத்தி, தன் பிள்ளை அங்கேயே இருக்கட்டும் என்றுதானே ஆற்றைத் தாண்டி அனுப்பினாள்? ராஜம்மா வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கூட்டிப் போய்விடுவேன் என்று எத்தனை இரவு தூங்காமல் இருந்தாளோ. "இருக்கட்டும் அக்கா" என்றேன். தனியாகத் திரும்பினேன்.

6

இந்த வருஷம் சகலையிடமிருந்து தபால் வந்தது. புட்டம்மாவுக்கு, என் பச்சிக்கு, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை அதே ஊர், பரிசல் வைத்திருக்கிற குடும்பம். தாரை வார்த்துக் கொடுக்கத் தானும் ராஜம்மாவும் மணையில் உட்காரலாமா என்று உத்தரவு கேட்டிருந்தார். வளர்த்த கைதான் வார்க்க வேண்டும், நான் வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று பதில் போட்டேன்.

பந்திக்கும் போக முடியவில்லை. இங்கே இப்போது அவசரகாலச் சட்டம். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியே போக அடையாளச் சீட்டு, ஊருக்குப் போய்த் திரும்பி வர இன்னொரு அனுமதி. ஈப்போவில் ஒரு ஆபீஸில் வரிசையில் நின்றேன். கிராணி என்கிற குமாஸ்தா தமிழர்தான்.

"உங்க பேப்பர்ல மக பேரு பச்சையம்மா. கல்யாணப் பத்திரிகையில புட்டம்மா. தகப்பனார் பேரும் வேற. இந்தப் பொண்ணு உங்க மகதான்னு யாரு சொல்றது?"

"நான் சொல்றனுங்க."

"நீங்க சொன்னா ஆகுமா? ஊர்லேருந்து அத்தாட்சி வரவழைங்க."

அவர் கெட்டவர் அல்ல. முகத்தில் வருத்தம் இருந்தது. அத்தாட்சி வருவதற்குள் கப்பல் போய்விட்டது.

முகூர்த்த நாளன்று எனக்குக் கிரிக் சாலையில் லோடு. கூட வந்தவர் ஆ செங், என்னைவிட மூத்த சீனர். எங்கள் இருவருக்கும் பொது பாஷை ஓட்டை மலாய்தான். அங்கே தாலி கட்டுகிற நேரம் இங்கே எப்போது வரும் என்று முதல்நாளே பள்ளிக்கூட வாத்தியாரிடம் கணக்குக் கேட்டு வைத்திருந்தேன். அந்த நேரத்துக்குச் சாலையோரம் லாரியை நிறுத்தி இறங்கி நின்றேன். இரண்டு பக்கமும் காடு வானத்தை மூடியிருந்தது.

ஆ செங் பதறிப்போய் இறங்கி வந்தார். இந்தச் சாலையில் வண்டியை நிறுத்துவது ஆபத்து. என்ன பழுது என்று கேட்டார். பழுது இல்லை, மகளுக்கு இப்போது கல்யாணம் நடக்கிறது என்றேன். இத்தனை வருஷம் சேர்ந்து வேலை செய்தும் எனக்கு மகள் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

நான் கையைத் தூக்கினேன். மேற்கே என்று தெரியும். ஆனால் வெயில் ஒரு பொட்டும் விழாத அந்தக் காட்டில் மேற்கு எது என்று எனக்குத் தெரியவில்லை. தூக்கிய கையை இந்தப் பக்கம் கொண்டுபோனேன், அந்தப் பக்கம் கொண்டுபோனேன். ஆ செங் என் கை போன பக்கமெல்லாம் திரும்பித் திரும்பி நின்றார்.